ஃபயர் ரெட்டில் வீனசாரை மட்டும் வைத்து ஆடுகிறேன். அகாதாவைத் தாண்ட முடியவில்லை

கேள்வி (மன்னார்குடியிலிருந்து)

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். போக்கிமான் ஃபயர் ரெட் என்ற வீடியோ விளையாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒரு போக்கிமானை மட்டும் சண்டையில் இறக்கி முடிக்க வேண்டும் என்று இந்தக் கோடை விடுமுறையில் தொடங்கினேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா 2005 இல் ஊருக்கு வந்தபோது என் அண்ணனுக்கு வாங்கி வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவி இப்போது என்னிடம் இருக்கிறது. அதில்தான் ஆடுகிறேன்.

ஓக் பேராசிரியரிடம் புல் வகைப் போக்கிமானான புல்பசாரைக் கேட்டு வாங்கினேன். வைன் விப் என்ற மூவ் (தாக்குதல்) 10 ஆம் லெவலிலேயே வந்துவிட்டதால் முதல் ஜிம் தலைவரான ப்ராக்கின் 14 ஆம் லெவல் ஓனிக்ஸ் ஒரே அடியில் விழுந்தது. மிஸ்டியும் சிரமம் தரவில்லை. சப்ரினாவிடம் மட்டும் இரண்டு முறை தோற்றேன். 32 ஆம் லெவலில் வீனசாராக மாறிய என் போக்கிமான் எட்டு பேட்ஜையும் வாங்கித் தந்து, இப்போது 66 ஆம் லெவலில் இறுதிச் சண்டைகள் நடக்கும் இண்டிகோ பிளாட்டோவில் நிற்கிறது. அங்குள்ள எலைட் ஃபோர் நால்வரில் லொரலையையும் ப்ரூனோவையும் வென்றுவிடுகிறேன். மூன்றாவதாக வரும் அகாதா பாட்டியிடம் இதுவரை ஐந்து முறை தோற்றிருக்கிறேன்.

என்னிடம் உள்ள நான்கு மூவ்கள் ரேசர் லீஃப், கிகா டிரெயின், எர்த்குவேக், ஸ்ட்ரெங்த் ஆகியவை. முன்பு எதிரியைத் தூங்க வைக்கும் ஸ்லீப் பவுடர் இருந்தது. பேய்ப் போக்கிமான்கள் விஷ வகையும் சேர்ந்தவை என்பதால் மண் வகை மூவ் இரண்டு மடங்கு அடிக்கும் என்று ஒரு பழைய வழிகாட்டியில் படித்துவிட்டு, ஜியோவானியை வென்று பெற்ற எர்த்குவேக்கை ஸ்லீப் பவுடரின் இடத்தில் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அகாதாவின் பேய்ப் போக்கிமானான கெங்கார் மேல் அது படவே இல்லை. ஸ்ட்ரெங்த்தும் பேய் மேல் படாது. ரேசர் லீஃப் கால்வாசி உயிரைத்தான் குறைக்கிறது. முதல் கெங்கார் டபுள் டீம் போட்டு நழுவிக்கொண்டே இருக்கிறது, கன்ஃப்யூஸ் ரே போட்டுக் குழப்புகிறது, குழப்பத்தில் என் வீனசார் தன்னையே அடித்துக்கொள்கிறது. கடைசி கெங்கார் வருவதற்குள் ரேசர் லீஃபின் 25 பிபியும் (ஒரு மூவை எத்தனை முறை போடலாம் என்ற கணக்கு) தீர்ந்துவிடுகிறது. இன்னும் லெவல் ஏற்ற வேண்டுமா, அல்லது நான் செய்வதில் வேறு ஏதாவது பிழை இருக்கிறதா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. வீனசாரால் சர்ஃப் கற்க முடியாது. கடலைத் தாண்டாமல் சின்னபார் தீவுக்குப் போக வழியில்லை என்பதால், சில்ஃப் கம்பெனியில் இலவசமாகத் தரும் லாப்ரஸை வாங்கி, அதற்குச் சர்ஃப் கற்றுக்கொடுத்து உடன் வைத்திருக்கிறேன். அதை ஒரு சண்டையிலும் இறக்கியதில்லை. அப்படியிருந்தும் இதை ஒரே போக்கிமானை வைத்து ஆடிய ஆட்டம் என்று நான் சொல்லிக்கொள்ளலாமா?

மறுமொழி (கும்பகோணத்திலிருந்து)

தம்பி, லெவல் ஏற்ற வேண்டாம். 66 போதும். அகாதாவின் போக்கிமான்கள் 53 முதல் 58 வரையிலான லெவல்களில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வைத்து ஆடுகிறவனுக்கு லெவல் ஒருநாளும் குறைவதில்லை, ஏனென்றால் ஆறு பேருக்குப் பங்கு போக வேண்டிய அனுபவப் புள்ளிகள் அனைத்தும் ஒருவனுக்கே வந்து சேர்கின்றன. குறைவது மூவ்களுக்கான இடம். ஆறு போக்கிமான்கள் இருந்தால் இருபத்து நான்கு மூவ்கள். உங்களுக்கோ நான்கே நான்கு. அந்த நான்கில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதில்தான் இந்த ஆட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீங்கள் எடுக்கக் கூடாத ஒன்றை எடுத்துவிட்டீர்கள்.

முதலில் எர்த்குவேக் ஏன் படவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த வழிகாட்டி அனேகமாக 1996 இல் ஜப்பானில் வந்த முதல் ஆட்டத்தையோ, அதன் ஆங்கில வடிவமாக 1998 இல் வந்த ரெட், ப்ளூவையோ வைத்து எழுதப்பட்டதாக இருக்கும். அந்த ஆட்டங்களில் போக்கிமான்களுக்கு எபிலிட்டி (பிறவித் தனித்திறன்) என்பதே கிடையாது. ஆகவே கெங்கார் மேல் மண் வகை மூவ் இரண்டு மடங்காகவே பட்டது. எபிலிட்டிகள் 2002 இல் ரூபி, சஃபயர் ஆட்டங்களோடு வந்தன. அப்போது கெங்காருக்கும் ஹாண்டருக்கும் லெவிடேட் கொடுத்துவிட்டார்கள். நிலத்தில் கால் படாமல் மிதப்பவை மேல் நில அதிர்ச்சி எப்படிப் படும்? 2004 இல் வந்த ஃபயர் ரெட்டில் வரைபடமும் கதையும் பழையவைதான் என்றாலும் சண்டையின் விதிகள் ரூபி, சஃபயருடையவை. கதை ஒன்றாக இருப்பதால் பழைய வழிகாட்டியை நம்பி ஏமாறுவது எல்லோருக்கும் நேர்வதுதான்.

இனி கணக்கைப் பார்ப்போம். புல் வகை மூவ் விஷ வகை மேல் பாதியாகவும், விஷமும் பறவையும் சேர்ந்த கோல்பாட் மேல் கால் பங்காகவும்தான் படும். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தவரை, 66 ஆம் லெவல் வீனசாரின் ரேசர் லீஃப் முதல் கெங்காரை வீழ்த்த நான்கு அடி வேண்டும். கோல்பாட்டுக்கு எட்டு அல்லது ஒன்பது அடி ஆகும். ஹாண்டருக்கும் கடைசி கெங்காருக்கும் தலா நான்கைந்து என்று வைத்தாலே இருபதைத் தாண்டிவிடுகிறது. டபுள் டீமால் தவறிப்போகும் அடிகளையும் சேர்த்தால் 25 பிபி எப்படிப் போதும்? நீங்கள் தோற்பது பலம் குறைந்ததால் நேர்வதல்ல, தொடங்கும் முன்பே கணக்கு உதைக்கிறது.

இப்போது உங்களுக்குச் சாதகமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இது பலர் கவனிக்காத விஷயம். 2006 இல் டைமண்ட், பேர்ல் வரும் வரை ஒரு மூவ் உடல் பலத்தால் அடிப்பதா, ஸ்பெஷல் பலத்தால் அடிப்பதா என்பதை அதன் வகைதான் தீர்மானித்தது. பேய் வகையும் விஷ வகையும் உடல் பலத்தின் பக்கம். கெங்காரின் ஸ்பெஷல் அட்டாக் 130. ஆனால் அதன் அட்டாக் வெறும் 65. ஷேடோ பஞ்ச், ஷேடோ பால், ஸ்லட்ஜ் பாம் என்று அகாதாவின் கெங்கார்கள் அடிக்கும் எல்லாமே அந்த 65 ஐ நம்பித்தான் வருகின்றன. அதாவது அவை உங்களைக் குழப்பும், தூங்க வைக்கும், நழுவும். ஆனால் பெரிதாக அடிக்காது. வீனசாரும் விஷ வகை என்பதால் விஷமூட்டும் டாக்சிக் பலிக்கவும் செய்யாது. எனவே முதல் கெங்காரின் எதிரில் நின்று நிதானமாக உங்களைத் தயார்செய்துகொள்ள நேரம் இருக்கிறது.

தயார்செய்துகொள்வது எப்படி? செலடான் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் எக்ஸ் ஸ்பெஷல் 350 ரூபாய்க்கு விற்கிறார்கள் (ரூபாய் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அந்த ஊர்ப் பணம்). ஒன்று போட்டால் ஸ்பெஷல் அட்டாக் ஒன்றரை மடங்கு, இரண்டு போட்டால் இரு மடங்கு, ஆறு போட்டால் நான்கு மடங்கு. பாதியாகப் படும் ரேசர் லீஃப் அப்போது இரு மடங்காகப் பட்டதற்குச் சமம். ஆறு போக்கிமான்களோடு ஆடுகிறவர்கள் இந்தப் பொருட்களைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் போக்கிமானை மாற்றியவுடன் ஏற்றிய பலம் எல்லாம் போய்விடும். உங்களுக்கு மாற்றுவதற்கு ஆளே இல்லை. ஆகவே ஏற்றியது அந்தச் சண்டை முடியும் வரை அப்படியே நிற்கும். ஒன்றை மட்டும் வைத்து ஆடுவதில் கிடைக்கும் மிகப் பெரிய அனுகூலம் இதுதான், அதை நீங்கள் இன்னும் பயன்படுத்தவே இல்லை.

ஆனால் ஆறு முறை பொருள் போடுகிற நேரத்தில் கெங்கார் ஆறு முறை டபுள் டீம் போட்டுவிட்டால் பிறகு எதுவும் படாது. அதைத் தடுக்கத்தான் ஸ்லீப் பவுடர் வேண்டும். அதன் துல்லியம் 75 தான், நான்கில் ஒன்று தவறும். இருந்தாலும் பட்டுவிட்டால் கிடைக்கும் இரண்டு மூன்று சுற்றுகளின் மதிப்பு எந்த அடிக்கும் இல்லை. டூ ஐலண்டில் ஒருவர் இருக்கிறார். ஒரு பெரிய காளானோ இரண்டு சிறிய காளான்களோ கொடுத்தால் மறந்துபோன மூவைத் திரும்பக் கற்றுத் தருவார். கிகா டிரெயினை எடுத்துவிட்டு ஸ்லீப் பவுடரை வையுங்கள். கிகா டிரெயினுக்கு ஐந்தே பிபி. எர்த்குவேக்கை எடுக்க வேண்டாம்: அகாதாவிடம் தரையில் ஊர்ந்து வரும் ஆர்போக் ஒன்று உண்டு, அதன் மேல் இரு மடங்காகப் படும். கோல்பாட்டை ஸ்ட்ரெங்த்தால் அடியுங்கள், மூன்று அடிதான் ஆகும்.

மறுமொழி (திருத்துறைப்பூண்டியிலிருந்து)

மேலே சொன்னது அனைத்தும் சரி. பிபியைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சில சொற்கள்.

எலைட் ஃபோர் நால்வரிடமும் தலா ஐந்து, சாம்பியனிடம் ஆறு, ஆக மொத்தம் 26 போக்கிமான்களை நடுவில் போக்கிமானுக்குச் சிகிச்சை தரும் சென்டருக்குப் போகாமல் வீழ்த்த வேண்டும். நாங்கள் கடைமடைக்காரர்கள். மேலே உள்ளவர்கள் வாய்க்காலை எப்படித் திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேருமா சேராதா என்பது முடிவாகும். அதனாலோ என்னவோ, எலைட் ஃபோரை நான் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலவே பார்க்கிறேன். லொரலையிடமும் ப்ரூனோவிடமும் ரேசர் லீஃபைத் தாராளமாகச் செலவழித்தால் நால்வரில் கடைசியான லான்ஸிடம் வயல் காய்ந்துவிடும். ப்ரூனோவின் இரண்டு ஓனிக்ஸுக்கும் தலா ஒரு ரேசர் லீஃப் போதும், அவற்றின் மேல் அது நான்கு மடங்கு. மற்ற மூன்றையும் எர்த்குவேக்காலும் ஸ்ட்ரெங்த்தாலும் முடித்துவிடலாம். சண்டை வகை மூவ்கள் வீனசார் மேல் பாதிதான் படும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை.

எல்லா மூவ்களுக்கும் தலா 10 பிபி திருப்பித் தரும் எலிக்சிரைக் கடையில் வாங்க முடியாது. வழியில் கிடைத்தவற்றைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் ஒன்றை அகாதாவுக்குப் பிறகும் ஒன்றை லான்ஸுக்குப் பிறகும் பயன்படுத்துங்கள். தோற்றால் போட்ட எலிக்சிரும் போயிற்று. ஆகவே அகாதாவின் அறைக்குள் நுழையும் முன் சேவ் செய்துகொள்ளுங்கள், தோற்றவுடன் அணைத்துவிட்டு அங்கிருந்தே தொடங்கலாம்.

அகாதாவைத் தாண்டிய பிறகு லான்ஸின் டிராகனைட் இருக்கிறது, லெவல் 60. அதன் மேல் புல் வகை கால் பங்கு, மண் வகை படவே படாது. எஞ்சியிருப்பது ஸ்ட்ரெங்த் ஒன்றே. அதிலும் லான்ஸ் முதலில் இறக்கும் க்யாராடோஸ் இன்டிமிடேட்டால் உங்கள் அட்டாக்கை ஒரு படி குறைத்துவிடும். எக்ஸ் அட்டாக் இரண்டு மூன்று போட்டு அதை ஈடுகட்டிவிட்டுத்தான் டிராகனைட்டைச் சந்திக்க வேண்டும். அவனுடைய டிராகன்கள் சேஃப்கார்ட் போட்டால் ஐந்து சுற்றுகளுக்கு ஸ்லீப் பவுடர் பலிக்காது. அந்த நேரத்தில் அதை வீணாக்காதீர்கள்.

நான் இந்த ஆட்டத்தை வீனசாரோடு முடித்தது 2018 நவம்பரில். கஜா புயல் 16 ஆம் தேதி விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மின்கம்பங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பல நாட்கள் ஊரில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டில் ஊரார் செல்போன்களை வரிசையில் வைத்து சார்ஜ் போடும்போது, கூச்சத்தோடு என் எஸ்பியையும் அதில் வைத்தேன். திரை விளக்கோடு பத்து மணி நேரம் தாங்கும் கருவி அது. அந்த இருட்டில் பிபியை எண்ணுவதும் பேட்டரியை எண்ணுவதும் எனக்கு ஒன்றாகவே இருந்தன.

கேட்டவர் (மன்னார்குடியிலிருந்து)

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. ரேசர் லீஃபுக்கு எத்தனை அடி வேண்டும் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை; தோற்ற ஐந்து முறையும் லெவல்தான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிக்கல். பறக்கத் தெரிந்த போக்கிமான் ஒன்றையும் நான் பிடிக்கவில்லை. மரம் வெட்டும் கட் மூவையும் ஃபுஷியாவில் மூவ் மறக்கடிப்பவரிடம் கொடுத்து நீக்கிவிட்டேன். இண்டிகோ பிளாட்டோவிலிருந்து டூ ஐலண்டுக்குக் கப்பல் ஏற வேண்டுமானால் வெர்மிலியன் வரை நடந்தே போக வேண்டும். ஏதாவது மரம் வழியை மறித்துக்கொண்டால் என்ன செய்வது? காளானும் கையில் இல்லை.

மறுமொழி (மயிலாடுதுறையிலிருந்து)

தம்பி, கவலைப்பட வேண்டாம், கட் இல்லாமலே போய்விடலாம். விக்டரி ரோட்டைத் திரும்பக் கடந்து விரிடியனுக்கு வாருங்கள். அங்கிருந்து விரிடியன் காடு, பியூட்டர், மவுண்ட் மூன், செருலியன், சாஃப்ரான், வெர்மிலியன் என்று, பெரும்பாலும் முதன்முதலில் நீங்கள் வந்த பாதையிலேயே போங்கள். செருலியனில் மட்டும் தெற்கே போகும் வழி, திருட்டுப்போன வீட்டுக்குள் நுழைந்து பின்பக்கமாக வெளியேறுவது. அது உங்களுக்கு நினைவிருக்கும். காளான் கிடைக்கும் இடமும் வழியிலேயே வருகிறது, மவுண்ட் மூன் குகையில்தான் அது கிடைக்கும். மேக்ஸ் ரிப்பெல் போட்டுக்கொண்டால் 66 ஆம் லெவல் வீனசார் முன்னால் நிற்கும்போது காட்டுப் போக்கிமான் ஒன்றும் குறுக்கே வராது. சாஃப்ரானிலிருந்து மேற்கே செலடான் பக்கம்தான், எக்ஸ் ஸ்பெஷலையும் எக்ஸ் அட்டாக்கையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

லாப்ரஸ் பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் இப்படி ஆடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்வியை நானும் எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒன்றை மட்டும் வைத்து ஆடுவதற்காக இதைச் செய்யவில்லை. பல வகைகளைச் சேர்க்க வேண்டும், நண்பர்களோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. முதல் ஆட்டத்தை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தவர், அந்த மகிழ்ச்சியைத்தான் அவர் கருவிக்குள் கொண்டுவந்தார். ஆகவே கடலைக் கடக்க ஒன்று, மரத்தை வெட்ட ஒன்று என்று பாதையையே பல போக்கிமான்களை எதிர்பார்த்து அமைத்திருக்கிறார்கள். ஆட்டமே கட்டாயப்படுத்தும் இடத்தில் இன்னொன்றை உடன் வைத்துக்கொள்வது தவறாகாது. ஹோயென் பகுதியில் நடக்கும் எமரால்ட் என்ற இன்னொரு போக்கிமான் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாஸ்டீப் ஜிம்மில் இரட்டையரோடு இருவருக்கு இருவர் என்றுதான் மோத முடியும். கையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் சண்டையே தொடங்காது. அங்கே ஒன்றை மட்டும் வைத்து ஆடுகிறவர்களும் அந்த ஒரு சண்டைக்காக இரண்டாவதைக் கொண்டுபோகிறார்கள். சுமை தூக்க வந்தவரை யாரும் சிலம்பம் ஆடியவர் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

என் கணக்கில் விதி ஒன்றுதான். இரண்டாவது போக்கிமான் ஒரு சுற்றுக்கூட உங்கள் வீனசாருக்குப் பதிலாக நிற்கக் கூடாது. அடிவாங்கிச் சாவதற்காக அதை இறக்கிவிட்டு, அந்தச் சுற்றில் வீனசாருக்கு மருந்து போடுவது கூடாது. நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்று சொல்கிறீர்கள். ஆகவே தயங்காமல் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் எலைட் ஃபோர் அறைகளுக்குள் போகும் முன் லாப்ரஸைப் போக்கிமான்களைச் சேமித்து வைக்கும் பிசியில் போட்டுவிடுங்கள். இதை நேர்மைக்காக மட்டும் சொல்லவில்லை. சாம்பியனாக நிற்கும் உங்கள் போட்டியாளன் முதலில் இறக்கும் பிஜியாட்டிடம் வேர்ல்விண்ட் இருக்கிறது. லாப்ரஸ் கையில் இருந்தால் அந்தக் காற்று வீனசாரை உள்ளே தள்ளி லாப்ரஸை வெளியே இழுத்துவிடும். நீங்கள் போட்ட எக்ஸ் ஸ்பெஷல் அத்தனையும் வீண், உங்கள் விதியும் முறிந்தது. வீனசார் மட்டும் தனியாக இருந்தால் வேர்ல்விண்ட் பலிக்காது, பிஜியாட் ஒரு சுற்றை வீணடிக்கும். எனக்கு இது நேர்ந்து, பிளாஸ்டாய்ஸோடு ஆடிய ஓர் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

மறுமொழி (தஞ்சாவூரிலிருந்து)

கும்பகோணத்து நண்பர் எர்த்குவேக்கை வைத்துக்கொள்ளச் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆர்போக் ஒன்றுக்காக ஓர் இடத்தைக் கொடுப்பது அதிகம். லான்ஸிடம் அது அனேகமாகப் பயன்படாது. அவ்விடத்தில் லீச் சீட் வைத்திருந்தால் விஷ வகை, டிராகன் வகை என்று பார்க்காமல் புல் வகை தவிர எல்லாவற்றின் மேலும் வேரூன்றி, சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு உயிரை எடுத்து வீனசாருக்குக் கொடுக்கும். டிராகனைட்டைப் போல் உயிர் நிறைய உள்ள எதிரியிடம் அது இன்னும் பயன்படும். டூ ஐலண்டில் காளான் கொடுக்கும்போதே இரண்டு மூவ்களையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

மறுமொழி (கும்பகோணத்திலிருந்து)

தஞ்சாவூர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்றாலும் ப்ரூனோவையும் சாம்பியனின் ரைடனையும் நினைத்துத்தான் எர்த்குவேக்கை வைக்கச் சொன்னேன். ரேசர் லீஃபை மிச்சம் பிடிக்க அது உதவும். தம்பியிடம் எலிக்சிர் நிறைய இருந்தால் லீச் சீட், குறைவாக இருந்தால் எர்த்குவேக்.

சாம்பியன் பற்றி ஒரு வரி. நீங்கள் புல்பசாரை எடுத்ததால் அவனிடம் சாரிசார்ட் இருக்கும், 63 ஆம் லெவல், கடைசியாக வரும். உங்களை எரிக்கவே பிறந்த போக்கிமான் அது. எக்ஸ் ஸ்பீடு ஒன்று முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் வைத்து ஆடுகிறவர்களின் போக்கிமான் தொடக்கத்தில் அடித்த ரட்டாட்டா, பிஜி, ஸுபாட் எல்லாம் வேகத்துக்கான உழைப்புப் புள்ளிகளையே (வீழ்த்திய எதிரிக்கேற்பச் சேர்ந்து பலம் ஏற்றுபவை) தருபவை. மொத்தம் 510 என்ற வரம்பு ஆட்டத்தின் நடுவிலேயே நிரம்பிவிடுவதால் உங்கள் வீனசார் இயல்பை விட வேகமாகத்தான் இருக்கும். எனினும் அந்தச் சுற்றில் யார் முந்துவது என்பதை அதிர்ஷ்டத்திடம் விடக் கூடாது.

கேட்டவர் (மன்னார்குடியிலிருந்து)

பதினெட்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்தே போனேன். மவுண்ட் மூனில் சிறிய காளான் இரண்டு கிடைத்தன, மூன்றாவது கிடைக்கவில்லை. ஆகவே ஸ்லீப் பவுடர் மட்டும்தான். லீச் சீடுக்குக் காளான் போதவில்லை, எர்த்குவேக் அப்படியே இருந்துவிட்டது. செலடானில் எக்ஸ் ஸ்பெஷல் பன்னிரண்டு, எக்ஸ் அட்டாக் ஆறு, எக்ஸ் ஸ்பீடு இரண்டு வாங்கினேன். லாப்ரஸை பிசியில் போட்டேன். திரையில் வீனசார் மட்டும் தனியாக இருந்தது. எலைட் ஃபோரின் முதல் அறைக்குள் போகும்போது அதைக் கவனித்தேன்.

அகாதாவிடம் ஸ்லீப் பவுடர் முதல் முறை தவறியது, இரண்டாவது முறை பட்டது. கெங்கார் தூங்கிய மூன்று சுற்றுகளில் மூன்று எக்ஸ் ஸ்பெஷல். விழித்தவுடன் மறுபடியும் ஸ்லீப் பவுடர், மறுபடியும் மூன்று. பத்தாவது சுற்றில் ரேசர் லீஃப் போட்டபோது கெங்காரின் உயிர்க்கோடு முழுவதுமாகச் சரிந்து காலியானது. ஐந்து முறை தோற்றபோது அந்தக் கோடு ஒரே அடியில் கால்வாசிக்கு மேல் நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. கோல்பாட்டை நீங்கள் சொன்னபடியே ஸ்ட்ரெங்த்தால் மூன்று அடியில் முடித்தேன். ஆர்போக்குக்கு எர்த்குவேக். கடைசி கெங்கார் என்னைத் தூங்க வைத்துவிட்டது, ஃபுல் ஹீல் ஒன்று செலவு. இரண்டாவது ரேசர் லீஃபில் அதுவும் விழுந்தது. அறையை விட்டு வெளியேறும்போது ரேசர் லீஃப் இன்னும் ஒன்பது மிச்சம் இருந்தது.

லான்ஸிடம் ஒரு முறை தோற்றேன். சேவ் செய்திருந்ததால் எலிக்சிர் தப்பியது. இரண்டாவது முறை க்யாராடோஸின் எதிரிலேயே எக்ஸ் அட்டாக் மூன்றையும் போட்டுவிட்டேன். டிராகனைட் நான்கு அடியில் சாய்ந்தது.

சாம்பியனின் பிஜியாட் இரண்டாவது சுற்றிலேயே வேர்ல்விண்ட் போட்டது. பலிக்கவில்லை. மயிலாடுதுறை அக்காவை அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசியில் சாரிசார்ட் வந்தபோது வீனசாருக்குப் பாதி உயிர்தான் இருந்தது, ஸ்ட்ரெங்த் ஐந்து பிபி, ஸ்லீப் பவுடர் இரண்டு. எக்ஸ் ஸ்பீடு முன்பே போட்டிருந்ததால் வீனசார்தான் முந்தியது. ஸ்லீப் பவுடர் பட்டது. ஸ்ட்ரெங்த், ஸ்ட்ரெங்த். அவன் ஃபுல் ரெஸ்டோர் போட்டுத் தூக்கத்தையும் கலைத்து உயிரையும் நிரப்பிவிட்டான். கடைசி ஸ்லீப் பவுடரைப் போட்டேன், அதுவும் பட்டது. மூன்றாவது ஸ்ட்ரெங்த், நான்காவது, ஐந்தாவது. ஐந்தாவது அடியோடு பிபி பூஜ்யமானது, சாரிசார்டும் விழுந்தது.

ஹால் ஆஃப் ஃபேமில் 69 ஆம் லெவல் வீனசார் ஒன்று மட்டும் வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், மற்ற ஐந்தும் எங்கே என்று கேட்டார்.